கதவு கதவாகத் தட்டிய குருவானவர்

ஒரு தெருவில் எந்த வீட்டார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்? வரி வசூலிக்கும் அலுவலகத்துக்குத் தெரியாது. ஊரை அளந்து வரைபடம் போடுகிறவருக்கும் தெரியாது. அந்தத் தெருவில் நாள்தோறும் நடந்து, வாசலில் நின்று பேசி, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய ஒருவருக்குத்தான் தெரியும். மூன்றாம் வீட்டுப் பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துத் தர ஆளில்லை என்பதும், எதிர்வீட்டுக் கைக்குழந்தை எப்போது நோயில் விழுந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். இதையெல்லாம் அறிவு என்று யாரும் மதிப்பதில்லை. ஆனால் இப்படிப்பட்ட அறிவுதான், மனித குலத்தை ஆட்டிப்படைத்த ஒரு நோயின் வழியைக் கண்டுபிடிக்க உதவியது. அதைச் செய்தவர் மருத்துவர் அல்ல, லண்டன் நகரின் நெருக்கடியான பகுதியொன்றில் ஒரு சிறிய ஆலயத்தின் உதவி குருவானவர். பெயர் ஹென்றி ஒயிட்ஹெட்.

காலராவின் கதையில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவரை உலகம் கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியவர்தான். அவர் போட்ட வரைபடமும், அவர் சொல்லிக் கழற்றப்பட்ட அடிபம்பின் கைப்பிடியும் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்துவிட்டன. கதையின் மறுபாதி அந்த ஆலயத்திலும் அதைச் சுற்றியிருந்த தெருக்களிலும் நடந்தது. அந்தப் பாதி இல்லாமல் ஸ்னோ சொன்னது நிலைநாட்டப்பட்டிருக்காது.

ஏக்கருக்கு 432 பேர்

லண்டனில் சோஹோ என்றொரு பகுதி. ஒருகாலத்தில் செல்வர்கள் மாளிகை கட்டி வாழ்ந்த இடம். செல்வர்கள் மேற்கே நகர்ந்துபோக, அந்த மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்பது வழக்கமாயிற்று. 1851ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கின்போது லண்டன் 135 உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் மிகவும் நெரிசலானது சோஹோவின் பெர்விக் தெருப் பகுதி. அங்கே ஏக்கருக்கு 432 பேர் வாழ்ந்தார்கள். மாடிக் கட்டடங்கள் வானளாவ எழாத காலத்தில், மூன்று நான்கு மாடி வீடுகளுக்குள் அவ்வளவு பேர். தையற்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், சிறு கடைக்காரர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் எனப் பலரும் அங்கே இருந்தார்கள்.

அந்தப் பெர்விக் தெருவில்தான் புனித லூக்கா ஆலயம் இருந்தது. எட்வர்ட் பிளோர் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1839ஆம் ஆண்டு கட்டிமுடிக்கப்பட்டது. பிக்காடிலியில் உள்ள புனித யாக்கோபு ஆலயத்தின் எல்லைக்குள் அது ஒரு கிளை ஆலயம். தென் மாவட்டத் திருச்சபைகளில் 'சேகரம்' என்று சொல்வார்களே, அதைப் போன்ற ஏற்பாடுதான். அந்நாளைய இங்கிலாந்தில் ஆலய எல்லை வழிபாட்டுக்கு மட்டுமானதாக இருக்கவில்லை. ஏழைகளைப் பராமரிப்பது, தெருவைச் செப்பனிடுவது, குடிநீர்ப் பம்புகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்த எல்லைக்குரிய மன்றங்களின் பொறுப்பாக இருந்தன.

1851இல் அந்த ஆலயத்துக்கு உதவி குருவானவராக வந்தவர் ஒயிட்ஹெட். 1854இல் அவருக்கு வயது 28. வீடு வீடாகப் போவதுதான் அவருடைய வேலை. மூன்று ஆண்டுகளில், எந்த வீட்டின் எந்த மாடியில் எந்தக் குடும்பம் இருக்கிறது, எத்தனை பிள்ளைகள், யார் வேலையில்லாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு வாரத்தின் மரணம்

பெர்விக் தெருவிலிருந்து சில அடி தூரத்தில் பிராட் தெரு. அங்கே 40ஆம் எண் வீட்டுக்கு முன்னால் ஒரு பொது அடிபம்பு. சுற்றுவட்டாரத்தில் அதன் தண்ணீருக்கு நல்ல பெயர். குளிர்ச்சியாகவும் தெளிவாகவும் இருக்கும். பக்கத்துத் தெருவில் வேறு பம்பு இருந்தாலும் இதைத் தேடி வருவார்கள். மதுக்கடைகளில் மதுவோடு கலந்தார்கள். சாப்பாட்டுக் கடைகளில் மேசைக்கு வைத்தார்கள். நுரைக்கும் பொடி ஒரு கரண்டி போட்டு 'சர்பத்' என்று சிறு கடைகளில் விற்றார்கள்.

1854 ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை இரவு நோய் பாய்ந்தது. பேதியிலே போவான் என்று நம் கிராமங்களில் இன்றும் ஒரு சாபம் உண்டு. அந்தச் சாபத்துக்குப் பின்னால் எவ்வளவு அச்சம் இருந்தது என்பதை அந்த வாரத்துக் கணக்கைப் பார்த்தால் புரியும். ஸ்னோ தொகுத்த பட்டியலின்படி, செப்டம்பர் 1ஆம் தேதி 70 பேர் இறந்தார்கள். 2ஆம் தேதி 127 பேர், 3ஆம் தேதி 76 பேர், 4ஆம் தேதி 71 பேர். காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் மறுநாள் இல்லை. மொத்தம் 616 பேர். அத்தனையும் ஒரு பம்பைச் சுற்றி, நடந்து சென்றால் சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய பரப்புக்குள். ஆறு நாட்களில் அக்கம்பக்கத் தெருக்களில் பெரும்பாலோர் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள்.

போக முடியாதவர்கள் இருந்தார்கள். அவர்களோடு ஒயிட்ஹெட்டும் இருந்தார். படுக்கையில் கிடந்தவர்களைப் பார்க்க ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். மருந்து எதுவும் அவரிடம் இல்லை. மருத்துவர்களிடமும் உருப்படியாக ஒன்றும் இல்லை.

மருத்துவர் போட்ட கணக்கு

அக்காலத்து மருத்துவ உலகம், காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று உறுதியாக நம்பியது. அழுகும் பொருளிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் கிளம்பும் நாற்றமே நோய் என்றார்கள். நெருக்கமான, நாறும் தெருக்களில் நோய் அதிகம் வந்ததால் அந்தக் கருத்து பொருத்தமாகவே தோன்றியது.

ஜான் ஸ்னோ அதை ஏற்கவில்லை. யார்க் நகரில் கூலித் தொழிலாளியின் மகனாக 1813இல் பிறந்தவர். மயக்க மருந்தில் கைதேர்ந்தவர். 1853இல் விக்டோரியா அரசியின் பிரசவத்தின்போது குளோரோஃபாம் கொடுத்தவர் அவர்தான். வாயுவை மூச்சில் செலுத்தினால் உடம்பு என்ன செய்யும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. அவருடைய வாதம் எளிமையானது. காற்றில் வரும் நஞ்சு என்றால் முதலில் நுரையீரல் அல்லவா பாதிக்கப்பட வேண்டும்? காலராவில் முதலில் கெடுவது குடல். ஆகவே நோய்க் காரணம் வாய் வழியாக விழுங்கப்படுகிறது. நோயாளியின் கழிவு எப்படியோ மற்றவர் குடிக்கும் தண்ணீரில் சேருகிறது. இதை 1849லேயே எழுதி வெளியிட்டார். கேட்டவர்கள் சிலரே.

சோஹோவில் நோய் வெடித்ததும் ஸ்னோ அங்கே வந்தார். அவர் வீடும் அருகில்தான். பதிவாளரிடமிருந்து அந்த வார இறுதிவரை பதிவான 83 மரணங்களின் பட்டியலை வாங்கினார். அவற்றில் 73 பேர் பிராட் தெருப் பம்புக்கு அருகில் வாழ்ந்தவர்கள். மீதி 10 பேர் வேறொரு பம்புக்கு அருகில் இருந்தவர்கள். ஸ்னோ அந்தப் பத்து வீடுகளையும் விடவில்லை. ஐந்து குடும்பத்தார், நாங்கள் எப்போதும் பிராட் தெருத் தண்ணீரைத்தான் எடுப்போம் என்றார்கள். இன்னும் மூன்று பேர் அந்தப் பம்பின் அருகே உள்ள பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகள்.

விதிவிலக்குகள்தான் அவருக்குப் பெரிய சான்றுகள் ஆயின. போலந்து தெருவில் 535 ஏழைகள் தங்கியிருந்த இல்லம் ஒன்று இருந்தது. சுற்றிலும் சாவு. உள்ளே 5 பேர்தான் இறந்தார்கள். அந்த இல்லத்துக்குத் தனிக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மது வடிக்கும் ஆலையில் 70 பேர் வேலை செய்தார்கள். ஒருவரும் இறக்கவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே மதுப்படி கிடைத்தது, ஆலைக்குள் சொந்தக் கிணறும் இருந்தது. தெருப் பம்பை அவர்கள் தொடவே இல்லை. அதே தெருவில் வெடித்தொப்பி செய்யும் தொழிற்சாலையில் 200 பேர். அங்கே பம்புத் தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தார்கள். 18 பேர் இறந்தார்கள். தொழிற்சாலை உரிமையாளர்களின் தாயார் வெகுதூரத்தில் ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்தார். பழகிய அந்தத் தண்ணீரின் ருசி விட்டுப்போகாமல், நாள்தோறும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்தார். ஹாம்ஸ்டெட்டில் காலராவே இல்லாத நாளில் அவர் காலராவில் இறந்தார். பெற்ற பிள்ளைகள் அன்போடு அனுப்பிய தண்ணீர் அது.

செப்டம்பர் 7ஆம் தேதி மாலை, ஸ்னோ ஆலய எல்லையின் நிர்வாகிகள் முன் நின்று தம் கணக்கைச் சொன்னார். அவர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மறுநாள், செப்டம்பர் 8ஆம் தேதி, பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

குருவானவருக்கு வந்த ஐயம்

இங்கே கதை முடிந்துவிட்டதாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் கேள்வி இங்கேதான் தொடங்கியது. கைப்பிடியைக் கழற்றிய நாளில் நோய் ஏற்கெனவே தணிந்துகொண்டிருந்தது. 127 பேர் இறந்த தெருக்களில் அன்று இறந்தவர்கள் 30 பேர். அப்படியானால் கைப்பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றது என்று எப்படிச் சொல்வது? அரசின் சுகாதார வாரியம் அமைத்த குழு ஸ்னோவின் கருத்தை ஒதுக்கிவிட்டது.

ஒயிட்ஹெட்டும் ஸ்னோவை நம்பவில்லை. அவர் கண்ணால் கண்டதிலிருந்து எழுந்த ஐயம் அது. சில வாரங்களுக்குள் அவர் எழுதி வெளியிட்ட சிறு நூலிலேயே, கெட்ட காற்றுக் கருத்துக்கு ஒத்துவராத செய்தியைக் குறித்திருந்தார். நாறும் வீடுகள் சில தப்பின, துப்புரவான வீடுகள் சில துடைத்தெடுக்கப்பட்டன. ஆனால் பம்புத் தண்ணீர்தான் காரணம் என்பதையும் அவரால் ஏற்க முடியவில்லை. அந்தத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தும் பிழைத்தவர்களை அவருக்குத் தெரியும். இன்னொரு கேள்வியும் இருந்தது. நோயாளியின் கழிவு கிணற்றில் கலந்ததுதான் காரணம் என்றால், நூற்றுக்கணக்கானவர்கள் நோயில் விழுந்த பிறகு கிணறு மேலும் மேலும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? நோய் ஏன் சில நாட்களில் தணிந்தது?

நல்ல கேள்விகள் இவை. 1854 இறுதியில் புனித யாக்கோபு ஆலய எல்லையின் மன்றம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஸ்னோ அதில் உறுப்பினர், ஒயிட்ஹெட்டும் உறுப்பினர். ஸ்னோ சொன்னது தவறு என்று காட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் குருவானவர் பிராட் தெருவில் முதல் கதவைத் தட்டினார்.

உயிரோடிருந்தவர்களைக் கேட்டார்

அவர் செய்த வேலையின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்ட பலருக்கு வாந்தி. வாந்தி எடுத்தவர்களை மட்டும் விசாரித்தால் எல்லோரும் சோறு சாப்பிட்டதாகச் சொல்வார்கள். அதனால் சோறு கெட்டுவிட்டது என்று ஆகுமா? வாந்தி எடுக்காதவர்களும் சோறுதானே சாப்பிட்டார்கள்! நோய் வராதவர்களையும் கேட்டு, அவர்கள் எதைத் தொடவில்லை என்று பார்த்தால்தான் குற்றவாளி அகப்படும். இன்று நோய்ப் பரவலியல் என்ற துறையின் அரிச்சுவடி இது. 1855இல் அதைப் பெரிய அளவில் செய்தவர்கள் மிகக் குறைவு.

ஸ்னோவின் பட்டியல் பெரும்பாலும் இறந்தவர்களின் பட்டியல். பிழைத்தவர்களை, நோயே வராதவர்களை எங்கே போய்த் தேடுவது? பாதிப்பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். இந்த இடத்தில்தான் மூன்று ஆண்டுப் பழக்கம் கைகொடுத்தது. யார் எங்கே போனார்கள் என்பதை அக்கம்பக்கத்தார் குருவானவரிடம் சொன்னார்கள். இறந்த குடும்பங்களைப் பற்றித் தூரத்து உறவினர்களிடமிருந்து தகவல் பெற்றார். ஒரே ஆளை நான்கு ஐந்து தடவை போய்ப் பார்த்தார். முதல் தடவை இல்லை என்றவர், மூன்றாம் தடவை நினைவுபடுத்திக்கொண்டு, ஆமாம், பிள்ளை போய் ஒரு செம்பு எடுத்துவந்தான் என்பார். முகம் தெரியாத அதிகாரி கேட்டிருந்தால் அந்த மூன்றாம் தடவை வாய்த்திருக்காது.

பிராட் தெருவில் நோய்க்கு முன் 896 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் 497 பேரைப் பற்றி ஒயிட்ஹெட் விவரம் சேர்த்தார். தண்ணீர் விஷயம் உறுதியாகத் தெரிந்தவர்களைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு இது: பம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் 137 பேர், அவர்களில் 80 பேருக்கு நோய் வந்தது. குடிக்காதவர்கள் 297 பேர், அவர்களில் 20 பேருக்குத்தான் நோய் வந்தது. அதாவது குடித்தவர்களில் நூற்றுக்கு 58 பேர், குடிக்காதவர்களில் நூற்றுக்கு 7 பேர். ஒரே தெரு. ஒரே காற்று. ஒரே நாற்றம். வேறுபட்டது தண்ணீர் மட்டுமே. கெட்ட காற்றுக் கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அவர் கண்டார். தனித்து வாழ்ந்த முதியவர்களும் நடமாட முடியாதவர்களும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தப்பியிருந்தார்கள். உடல் வலுவற்றவர்களைத்தான் நோய் முதலில் கொண்டுபோகும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர்கள் தப்பியதற்குக் காரணம், அவர்களுக்காகப் பம்படிக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவர யாரும் இல்லை! ஆதரவின்மை அந்த ஒரு வாரம் அவர்களைக் காப்பாற்றியது. எந்த வரைபடத்திலும் காண முடியாத இந்த உண்மையை, அந்தக் கிழவிகளைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவரால்தான் காண முடிந்தது.

ஒயிட்ஹெட் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மெதுவாக, மனமில்லாமல்தான் மாற்றிக்கொண்டார் என்பதை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தாம் மறுக்க வந்த கருத்தையே தம் கையால் நிறுவிய நேர்மை அது.

பதிவேட்டில் ஒரு வரி

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. கிணற்று நீர் கெட்டதென்றால், கெடுத்தது எது? ஆகஸ்ட் 31க்கு முன்பே, அந்தக் கிணற்றுக்கு மிக அருகில், ஒருவருக்கு நோய் வந்திருக்க வேண்டும். அந்த முதல் நோயாளி யார்?

1855ஆம் ஆண்டு வசந்தத்தில் வேறு எதையோ தேடி மரணப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஒயிட்ஹெட்டின் கண்ணில் ஒரு வரி பட்டது. பிராட் தெரு, எண் 40. செப்டம்பர் 2. ஐந்து மாதப் பெண் குழந்தை. இறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன் தொடங்கிய வயிற்றுப்போக்கு. காலரா என்று எழுதப்படவில்லை. அதனால் எவரும் அதைக் கவனிக்கவில்லை. நான்கு நாட்களுக்கு முன் என்றால், ஊரில் நோய் வெடிப்பதற்கு முன். எண் 40 என்றால், பம்புக்கு நேர் எதிரே.

அந்த வீடு அவருக்குத் தெரியும். தாமஸ் லூயிஸ் என்ற காவலரின் குடும்பம். தாய் சாராவைப் போய்ப் பார்த்தார். குழந்தை ஃபிரான்சிஸ் நோயில் கிடந்தபோது என்ன செய்தாய் என்று கேட்டார். அழுக்குத் துணிகளை வாளித் தண்ணீரில் அலசினேன், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியை வீட்டின் முன்புறத்து மலக்குழியில் ஊற்றினேன் என்று அவள் சொன்னாள். எல்லாத் தாய்மாரும் செய்வதைத்தான் அவளும் செய்திருந்தாள்.

குழு உடனே தோண்டிப் பார்க்கச் சொன்னது. 1855 ஏப்ரல் 23ஆம் தேதி யார்க் என்ற அளவையாளர் அந்த மலக்குழியைத் திறந்தார். செங்கற்கள் கைபட்டால் உதிரும் நிலையில் இருந்தன. குழிக்கும் பம்புக் கிணற்றுச் சுவருக்கும் இடையே இருந்த தூரம் 2 அடி 8 அங்குலம். இரண்டு முழம்கூட இல்லை. இடையிலிருந்த மண், ஊறிச் சேறாகி, சல்லடைபோல் கழிவைக் கிணற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

நோய் ஏன் தானாகத் தணிந்தது என்ற குருவானவரின் கேள்விக்கும் இங்கேயே விடை கிடைத்தது. மற்ற நோயாளிகளின் கழிவு வேறு குழிகளுக்குப் போயிற்று. கிணற்றுக்கு வழி வைத்திருந்தது அந்த ஒரு வீட்டின் குழி மட்டுமே. செப்டம்பர் 2ஆம் தேதி குழந்தை இறந்தாள். அதற்குப் பிறகு துணி அலசும் வாளியும் இல்லை. கிணறு மெல்லத் தெளிந்தது.

இதற்குப் பிறகு வரும் செய்திதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. குழந்தையின் தந்தை தாமஸ் லூயிஸும் காலராவில் விழுந்தார். அவருக்கு நோய் கண்ட நாள் செப்டம்பர் 8. பம்பின் கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள்! பதினொரு நாட்கள் போராடி 19ஆம் தேதி அவர் இறந்தார். அத்தனை நாட்களும் அவருடைய கழிவு அதே குழிக்குத்தான் போயிருக்கும். கைப்பிடி மட்டும் இருந்திருந்தால், ஊர் திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் மறுபடியும் அந்தக் குளிர்ந்த தண்ணீரைக் குடித்திருப்பார்கள். கைப்பிடியைக் கழற்றியதால் முதல் கொள்ளைநோய் நிற்கவில்லை என்பது உண்மைதான். வரவிருந்த இரண்டாவது கொள்ளைநோயை அது தடுத்துவிட்டது. இதைக் கண்டு சொன்னவரும் ஒயிட்ஹெட்தான்.

குடலுக்குள் நடப்பது

அந்த வாளித் தண்ணீரில் இருந்தது என்ன? காற்புள்ளிபோல் வளைந்த, வால்கொண்டு நீந்தும் ஒரு பாக்டீரியா. அதே 1854இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஃபிலிப்போ பச்சினி என்பவர் நுண்ணோக்கியில் அதைப் பார்த்து எழுதினார். எவரும் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, எகிப்திலும் கொல்கத்தாவிலும் ஆய்வு செய்த ராபர்ட் கோக் அதைத் தனியாகப் பிரித்து உலகுக்குக் காட்டினார்.

பம்புத் தண்ணீரைக் குடித்தும் 57 பேருக்கு ஏன் நோய் வரவில்லை என்ற ஐயத்துக்கும் இப்போது விடை தெரியும். இந்தப் பாக்டீரியா இரைப்பையின் அமிலத்துக்கு அஞ்சும். பெருவாரியாக உள்ளே போனால்தான் ஒரு பகுதி தப்பிச் சிறுகுடலை அடையும். எந்த நாளில், எவ்வளவு குடித்தார்கள், வயிற்றில் அமிலம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து ஒருவர் விழுவார், ஒருவர் தப்புவார்.

சிறுகுடலை அடைந்ததும் அது உடம்பைத் துளைப்பதில்லை, இரத்தத்தில் கலப்பதுமில்லை. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சைக் கொல்கத்தாவில் 1959இல் முயலின் குடலைக் கொண்டு மெய்ப்பித்தவர் சம்புநாத் டே. நம் குடல் செல்களில், உப்பை வெளியேற்றும் மதகு ஒன்று உண்டு. தேவைக்குத் திறந்து மூடும். நஞ்சு அந்த மதகை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். அரிசி களைந்த நீர்போல வெளியேறும் அது கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டரைத் தொடலாம். சில மணி நேரத்தில் கண் குழிந்து, தோல் சுருங்கி, இரத்தம் தடித்து, மனிதர் வற்றிப்போகிறார். காலராவில் இறப்பவர் பாக்டீரியாவால் இறப்பதில்லை, தாகத்தால் இறக்கிறார்.

இந்த அறிவே மருந்தும் ஆயிற்று. நஞ்சு ஒரு மதகைத் திறந்து வைத்தாலும், குடலில் இன்னொரு வாசல் கெடாமல் இருக்கிறது. அந்த வாசலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கையோடு அழைத்துப்போகும். உப்போடு தண்ணீரும் போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 விழுக்காட்டளவில் இருந்த சாவு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நம் அடுக்களையிலேயே இருக்கும் மருந்து. பிராட் தெருவிலும் உப்பும் சர்க்கரையும் இருந்தன. தெரிந்துகொள்ள இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

ஆலயம் போயிற்று, பாடம் நிற்கிறது

ஸ்னோ 1858இல் தம் 45ஆம் வயதில் இறந்தார். தம் கருத்தை உலகம் முழுமையாக ஏற்றதை அவர் பார்க்கவில்லை. ஒயிட்ஹெட் பின்னாளில் வட இங்கிலாந்துக்குப் போய் அங்கே ஆலயப் பணி செய்து, 1896இல் மறைந்தார். 1865இல் காலரா மறுபடி வரப்போகிறது என்ற அச்சம் எழுந்தபோது, பிராட் தெருப் பம்பின் கதையை ஓர் இதழில் எழுதி, ஸ்னோவின் பெயரை மக்களுக்கு நினைவூட்டியவர் அவர்தான். கண்டுபிடிப்பில் தம் பங்கைப் பெரிதாக்கிக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் தம் படிப்பறையில் ஸ்னோவின் படத்தை வைத்திருந்தார்.

புனித லூக்கா ஆலயம் 1936இல் இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் பிராட் தெருவின் பெயரும் பிராட்விக் தெரு என மாறியது. இன்று அங்கே போனால், கைப்பிடி இல்லாத பம்பு ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. குருவானவரின் ஆலயம் நின்ற இடத்தில் வேறு கட்டடம்.

ஆனால் அவருடைய வேலை நம் தெருவுக்கு இன்றும் வருகிறது. டெங்குக் காலத்தில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துகாட்டச் சொல்லிப் பெண்கள் வருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார், வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எத்தனை நாளாக, எங்கே தண்ணீர் பிடிக்கிறீர்கள் என்று கேட்கிறார். நாம் வாசலிலேயே நிறுத்தி, இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். பிள்ளையை இழந்த ஒரு தாய், தன் துயரத்துக்கு நடுவில், பழகிய ஒரு மனிதரிடம் வாளித் தண்ணீரைப் பற்றி மறைக்காமல் சொன்னாள். அந்த ஒரு பதிலால்தான் மலக்குழி திறக்கப்பட்டது. அடுத்த முறை அவர்கள் உங்கள் கதவைத் தட்டும்போது திறந்துவிடுங்கள். உட்காரச் சொல்லி, கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள்.